தெளிந்த ஓடை

மேகாலயாவின் ஜெயந்தியா மலைகளுக்குப் போய் வந்த என் தம்பி மகன், நிலக்கரிக் குழிகளுக்குக் கீழே ஓடும் ஓர் ஓடையின் நீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, காட்பாடியில் என் மேசைமேல் வைத்தான். பளிங்குபோல் தெளிந்திருந்தது, நீல லிட்மஸ் தாளை நனைத்ததும் சிவந்துவிட்டது. கூடவே கொண்டுவந்த ஓடைக்கல்லின்மேல் காவிப்படலம், நகம் பட்டாலே உதிர்ந்தது.

நிலக்கரியோடு கிடக்கும் இரும்பு சல்பைடான பைரைட், தோண்டியபின் காற்றும் மழைநீரும் படும்போது கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறி, சரிவு வழியே ஓடைகளில் இறங்குகிறது. 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கு ஆள் தவழ்ந்து போகும் குறுகிய எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. கைவிட்ட குழிகளிலோ அமிலம் இன்னும் ஊறுகிறது. சுண்ணாம்புக்கல் பரப்பிய வாய்க்காலில் நீரைத் திருப்பி அமிலத்தைத் தணிக்கலாம், ஆனால் கரைந்த இரும்பு காற்றுபட்டு உண்டாகும் அந்தக் காவியே சுண்ணாம்புக்கல்லின்மேல் படிந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும் என்பதால், பராமரிப்பு ஓயாது.

பாலாற்றங்கரைக்காரர்களான நமக்கு இது அந்நியக் கதையல்ல. தோல் பதனிடும் கழிவு தொடர்பான வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. அங்கே அமிலம், இங்கே உப்பு. கிணற்று நீர் கரிப்பது இன்றும் நிற்கவில்லை, தீர்ப்பு வந்த ஆண்டு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

மூடாமல் வைத்த அந்தப் பாட்டிலின் அடியில், ஒரு வாரத்தில் காவி படிந்திருந்தது.