90 விநாடிச் சோதனை

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் என்றால் கால் மரத்துப்போவதும் பார்வை மங்குவதும்தான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். குறியீடுகளுக்கு உரிய எண்களை 90 விநாடிகளுக்குள் சொல்லும் சோதனையில், விடை தெரிந்தும் அது நாவுக்கு வந்து சேரத் தாமதமானபோதுதான், நோய் என் சிந்தனையின் வேகத்தையும் தொட்டிருப்பது புரிந்தது. வீட்டில் அதை மறதி என்றார்கள். அது மறதி அன்று.

நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி, பி செல்கள் நரம்பிழைகளின் மையலின் உறையைத் தாக்குவதால் செய்திகள் மெதுவாகச் செல்கின்றன என்பது பலரும் அறிந்ததே. அதைவிட என்னை உறுத்துவது மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா: குப்பை அகற்ற வேண்டிய இச்செல்கள், காம்ப்ளிமென்ட் எனும் நோயெதிர்ப்புப் புரதங்கள் ஒட்டிய நரம்பு இணைப்புகளை, நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸிலும்கூட, விழுங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மூளையின் வெளி அடுக்கான புறணியில் விழும் புண்களோ வழக்கமான எம்ஆர்ஐ படத்தில் பெரும்பாலும் தென்படுவதில்லை. ஆகவே “ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை” என்ற சொல்லை இப்போதெல்லாம் பாதி ஆறுதலாகவே எடுத்துக்கொள்கிறேன்.