பதினாறு கோரும் ஒரு ரேம் குச்சியும்

வெள்ளிக்கிழமை 3:30க்கு மார்க்கெட் முடிந்ததும் எங்கள் அறையில் ஒரு சடங்கு நடக்கும். டிரேடிங் விதிக்குச் சிறந்த அளவுகளைத் தேடும் ஆப்டிமைசேஷனைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, மானிட்டரை மட்டும் அணைத்து, கீபோர்டு மேல் "தொடாதே" என்று எழுதிய காகிதத்தை ஒட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம். ஞாயிறு ராத்திரிக்குள் ஓடி முடியும். திங்கள் காலை வந்து பார்த்தால் ஒன்று விடை இருக்கும். இல்லையென்றால் சனிக்கிழமை கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, கறுப்புத் திரை இருக்கும்.

சென்னையில் நாலைந்து பேர் மட்டும் உள்ள சின்ன டிரேடிங் டெஸ்க் அது. கோட் எழுதுவது என் வேலை. வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியில் ஒரு இன்ட்ராடே ஸ்ட்ராட்டஜி, அதாவது அன்றே உள்ளே போய் அன்றே வெளியே வரும் டிரேடிங் விதி. மார்க்கெட் திறக்கும் 9:15லிருந்து எத்தனை நிமிட விலை ரேஞ்சை எடுப்பது, ஸ்டாப்லாஸ் (நட்டத்தை நிறுத்தும் இடம்) எவ்வளவு, டார்கெட் (லாபத்தை எடுக்கும் இடம்) எவ்வளவு, விலையின் வேகத்தைக் காட்டும் ஆர்எஸ்ஐயை எத்தனை பாரில் (ஒரு நிமிட விலைப்பதிவு) கணக்கிடுவது, எத்தனை மணிக்கு வெளியே வருவது என்று ஐந்து அளவுகள். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பு என்றால் 32 லட்சம் சேர்க்கை. நாளுக்கு 375 நிமிட பார் வீதம் ஐந்து வருட டேட்டாவில் ஒரு சேர்க்கையை ஓட்டிப் பார்க்க, அதாவது பேக்டெஸ்ட் செய்ய, 0.2 செகண்ட். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். பெருக்கினால் 6.4 லட்சம் செகண்ட், அதாவது ப்ராசஸரின் ஒரு கோரில் ஏறக்குறைய ஏழரை நாள். எங்களிடம் இருந்தது நாலு கோர் ஐ5 ப்ராசஸர். அதனால்தான் அந்த வெள்ளி–ஞாயிறு கணக்கு.

2021ல் ஒரு நாள் டெஸ்க்கை நடத்தும் சார் பொறுமை இழந்தார். "நான் ஒரு ஐடியா சொன்னா பதில் வர ரெண்டு நாள் ஆகுது. அதுக்குள்ள எனக்கே மறந்துடுதுப்பா. ஒன்றரை லட்சம் வரைக்கும் போலாம், நல்ல மிஷினா பாரு."

கூட இருந்த தம்பி கிராபிக்ஸ் கார்டு என்றான். அந்த வருடம் கிரிப்டோ மைனிங் புண்ணியத்தில் கார்டு விலையெல்லாம் ஆகாயத்தில் இருந்தது. விலையை விடுங்கள், எங்கள் வேலைக்கே அது தோதுப்படாது. கிராபிக்ஸ் கார்டின் ஆயிரக்கணக்கான சின்ன கோர்கள் அணிவகுப்பில் போவது போல ஒரே அடியை ஒரே நேரத்தில் எடுத்து வைத்தால்தான் அதன் வேகம் வெளிப்படும். எங்கள் கோட் முழுக்க "இப்படி ஆனால் அப்படி". ஒரு சேர்க்கை ஸ்டாப்லாஸ் அடித்து வெளியே வந்திருக்கும், இன்னொன்று பொசிஷனைப் பிடித்துக்கொண்டு இருக்கும், மூன்றாவது உள்ளேயே போயிருக்காது. அணிவகுப்பு அங்கேயே கலைந்துவிடும். கோட் மொத்தத்தையும் வேறு மாதிரி யோசித்துத் திருப்பி எழுத வேண்டும். அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

ரிச்சி தெருவில் பழைய சர்வர் விற்கும் ஒருவர் இரட்டை ஜியான் (இன்டெலின் சர்வர் ப்ராசஸர்) காட்டினார். இ5-2680 வி2, ஒன்றுக்கு பத்து கோர், ரெண்டு சேர்த்து 20 கோர், 40 திரெட், அதாவது ஒரே சமயத்தில் நாற்பது வேலை. விலையும் மலிவு. வாங்கியே விட்டிருப்பேன். நல்லவேளை, புரோகிராமை பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அவர் கடையிலேயே, ஸ்டூலில் உட்கார்ந்து ஆயிரம் சேர்க்கை ஓட்டிப் பார்த்தேன். 2013ஆம் வருட ப்ராசஸர், 2.8 கிகாஹெர்ட்ஸ். கோருக்குக் கோர் பார்த்தால் எங்கள் ஐ5க்கே பின்னால் நின்றது. திரெட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது என்று அங்கேதான் உறைத்தது. ஒரு கோரை இரண்டு திரெட் பங்கிட்டுக்கொண்டால் வேகம் இரட்டிப்பாகாது. எங்கள் கோடில் கால் பங்கு கூடினாலே அதிகம். வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வரில் 96 சிபியு என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் திரெட் கணக்குதான்.

கடைசியில் எடுத்தது ரைசன் 9 5950எக்ஸ். 16 கோர், 32 திரெட், 64 எம்பி கேச். அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது என்பதே பில் போடும்போதுதான் ஞாபகம் வந்தது. திரை தெரிய ஏதாவது ஒன்று வேண்டுமே என்று ஜிடி 710 என்ற சின்ன கிராபிக்ஸ் கார்டைத் தேடிப் பிடித்தோம்.

முதல் ராத்திரி 32 ப்ராசஸ் (ஒரே புரோகிராமின் 32 பிரதி, திரெட்டுக்கு ஒன்றாக) போட்டு ஓடவிட்டேன். காலையில் வந்தால் எட்டு ப்ராசஸில் ஓடும் வேகம்கூட இல்லை. டாஸ்க் மேனேஜரில் ரேம் முட்டிக்கொண்டு நிற்கிறது, எஸ்எஸ்டி நூறு சதவீதம். ஆப்ஷன் விலைகளையும் சேர்த்து ஒவ்வொரு ப்ராசஸும் டேட்டாவுக்குத் தனித்தனி நகல் எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு 1.3 ஜிபி, 32க்கு 41 ஜிபிக்கு மேல். இருந்ததோ 32 ஜிபி. மிச்சத்தையெல்லாம் விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்திருக்கிறது. லினக்ஸில் போட்டிருந்தால் ஃபோர்க் ஆகும் (ஒன்றிலிருந்து கிளைக்கும்) ப்ராசஸ்கள், டேட்டாவை மாற்றாத வரை, ஒரே நகலைப் பகிர்ந்திருக்கும். அந்த வாரமே மாறினோம்.

அப்போதும் கணக்கு இடித்தது. எட்டிலிருந்து பதினாறு ப்ராசஸுக்குப் போனால் வேகம் ஏற மறுத்தது. முடிவுகளை ஒரே கோப்பில் வரிசையில் நின்று எழுதுவதுதான் காரணம் என்று நினைத்தேன். அதுவும் ஒரு காரணம்தான். ஜீன் அம்டால் 1967லேயே சொன்ன சமாச்சாரம்: வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையில் நின்றே ஆகவேண்டும் என்றால், 16 கோர் போட்டாலும் 6.4 மடங்குக்கு மேல் வராது. எழுதும் பகுதியைத் திருத்தினேன். கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை தூசி தட்டக் கேபினெட்டைத் திறந்தேன். மதர்போர்டில் ரேமுக்கு நாலு பள்ளம். ஒன்றில் மட்டும் குச்சி. அசெம்பிள் செய்த பையன் "ஒரே 32 ஜிபியா போட்டுடறேன் சார், பின்னாடி இன்னொண்ணு சேத்துக்கலாம்" என்று சொன்னதும் நான் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது. ஒரே குச்சி என்றால் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே ஒரே சேனல், அதாவது ஒரே பாதைதான். டிடிஆர்4 3200 வகை ரேமில் ஒரு சேனல் செகண்டுக்கு 25.6 ஜிபிதான் கொடுக்கும். 16 கோரும் ஒரே குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தன. இரண்டாவது குச்சியைப் போட்டதும் வேலை ஓடியது. ஒன்றரை லட்சம் செலவழித்து, மெமரி சேனல் என்ற ஒரு விஷயத்தைப் பார்க்காமல் விட்டது சுத்தமாக என் தப்பு.

வெயில் தனிக்கதை. பெட்டியில் 105 வாட் என்று போட்டிருக்கும், முழு சுமையில் 140 வரை இழுக்கும். ராத்திரி எட்டு மணிக்கு வாட்ச்மேன் ஏசியை நிறுத்திவிடுவார். சூடு ஏறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் நள்ளிரவுக்குப் பிறகு முடிந்த சேர்க்கைகளின் எண்ணிக்கை சரிவதை லாகிலேயே பார்க்கலாம். கூலரைப் பெரிதாக்கினோம், ஆயிரம் சேர்க்கைக்கு ஒரு தடவை எங்கே நிற்கிறது என்று எழுதி வைக்கும்படி புரோகிராமை மாற்றினோம். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் புரோகிராமை ப்ரொஃபைல் பண்ணி, எந்தப் பகுதி எவ்வளவு நேரம் தின்கிறது என்று பார்த்தேன். முதலில் செய்திருக்க வேண்டியது. ஆர்எஸ்ஐக்கு 20 நீளம்தானே, 20 தடவை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும். என் கோட் அதை 32 லட்சம் தடவை கணக்கிட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றி, மெயின் லூப்பை நம்பாவில் (பைத்தான் கோட்-ஐ மிஷின் மொழிக்கு மாற்றும் கருவி) கம்பைல் செய்தேன். ரெண்டு நாள் வேலை, செலவு டீக்காசு. புது மிஷின் மொத்தமாகக் கொடுத்த வேகத்தைவிட அது கொடுத்தது அதிகம். சாரிடம் இதை உடனே சொல்லவில்லை.

வேகம் வந்ததும் அறையின் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மதியம் எந்த ரேஞ்சை ஓட்டுவது என்று சண்டை போடுவோம். ஒரே ஒரு ரன்தானே கிடைக்கும். இப்போது சார் நாற்காலியைத் திருப்பி "இன்னொரு ரன் போடு" என்பார். பிடிக்காத விடை வந்தால் இன்னொன்று. அப்படி வந்த ஒரு விடையில் லாபக் கோடு ஏணி போல நேராக ஏறியது. ஸ்டாப்லாஸ் 37 புள்ளி. 35க்கும் 40க்கும் மாற்றிப் பார்த்தேன், இரண்டிலும் நட்டம். சுற்றிலும் பள்ளம், நடுவில் ஒரு ஊசி முனை. 32 லட்சம் தடவை காசு சுண்டினால் ஏதோ ஒன்று தொடர்ந்து தலையாக விழத்தான் செய்யும். நான் மறுத்தும் அதை லைவில், நிஜப் பணத்தில், போட்டார்கள். மூன்று மாதம் தாங்கியது. இப்போது நாங்கள் முதலிடத்தைப் பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்து மதிப்புகளும் சுமாராக லாபம் காட்டும் மேட்டு நிலத்தைத்தான் தேடுகிறோம். அதற்கு 20 மதிப்பு வேண்டாம், ஏழெட்டு போதும்.

லைவ் ஆர்டர்கள் இன்றும் அந்தப் பழைய ஐ5லிருந்துதான் போகின்றன. மூன்று சதவீத சிபியுகூட ஆகாது.

நண்பர்கள் வழியாக யாராவது கூப்பிட்டு, "ரெண்டு லட்சத்துல பேக்டெஸ்டுக்கு என்ன பிசி வாங்கலாம்?" என்று கேட்பார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று வருடத்தில் நட்டப்பட்டிருந்தார்கள். சராசரி நட்டம் ஆளுக்கு ஏறக்குறைய 2 லட்சம். அதே தொகை. இதைச் சொன்னால் சிரித்துவிட்டு மறுபடி ப்ராசஸர் பெயர் கேட்பார்கள். அதனால் இப்போதெல்லாம் நானும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "ஒரு ரன்னுக்கு உங்களுக்கு எத்தனை செகண்ட் ஆகுது, அதுல எது எவ்வளவு சாப்பிடுது?" பெரும்பாலும் பதில் வராது. போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து பேசியவர் மட்டும் அளந்து பார்த்துவிட்டு மறுநாள் கூப்பிட்டார். நாலு செகண்டாம். அதில் மூன்றரை செகண்ட், ஒவ்வொரு தடவையும் அதே சிஎஸ்வி கோப்பைத் திறந்து படிப்பதற்கு. பழைய லேப்டாப்பையே வைத்திருக்கிறார்.