தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்த நோட்டு

"அண்ணா, மேப்புல உங்க பட்டறையையே காணோமே, மூடிட்டீங்களா?"

இப்படிக் கேட்டவர் எங்கள் தெருமுனையில், மெஷினைக் கையில் சுமந்தபடி நின்றிருந்தார். வாசலுக்கு வந்து கையை ஆட்டித்தான் அவரை உள்ளே வரவழைத்தேன். இப்படி வாசலுக்கு வந்து கூப்பிட வாய்ப்பே கிடைக்காமல் அந்த வாரம் எத்தனை பேர் திரும்பிப் போனார்களோ என்ற நினைப்பு அன்று முழுக்க மனதை அரித்தது.

நானும் அக்காவும் சேர்ந்து தையல் மெஷின் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறோம். மெஷினைக் கழற்றி மாட்டுவது என் வேலை. தொலைபேசியும் கணக்கும் அக்கா பொறுப்பு. ஆன்லைனில் முன்னுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் எங்கள் கூகுள் பிசினஸ் புரொஃபைலை, அதாவது கூகுள் மேப்பிலும் தேடலிலும் பட்டறையைக் காட்டும் பதிவை, கொடுத்துவைத்திருந்தோம். அன்று இரவு திறந்து பார்த்தால் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. பெயர்ப்பலகையில் இருக்கும் எங்கள் பெயரோடு 'சிறந்த', 'விரைவான', 'நம்பர் ஒன் சர்வீஸ்' என்றெல்லாம் சேர்த்து அவர் ஒரு வரி நீளத்துக்கு எழுதியிருந்தார். பெயர் என்ற இடத்தில், பலகையில் உள்ள பெயரை அப்படியே போட வேண்டும், விளம்பரச் சொற்களை ஒட்டக் கூடாது என்று விதியில் தெளிவாக இருக்கிறது. கொடுத்துவிட்டோம், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நாங்கள் அந்த விதியைப் படிக்காமல் இருந்துவிட்டோம். தொழிலின் பெயர் நம்முடையது. யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் உரிமையாளர் கணக்கு நம் கையில் இருக்கட்டும், மற்றவரை மேலாளராக மட்டும் சேருங்கள்.

முடக்கத்தைப் பார்த்த பதற்றத்தில் புதிதாக ஒரு புரொஃபைல் தொடங்கிவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை. அது இரட்டைப் பதிவாகிச் சிக்கலைக் கூட்டும். பல வருடங்களாகச் சேர்ந்த மதிப்புரைகளும் பழையதிலேயே நின்றுவிடும். முதலில் பெயரைப் பலகையில் உள்ளபடி திருத்தினேன். அதன் பிறகுதான் மேல்முறையீடு.

மேல்முறையீட்டில் ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. ஆதாரம் சேர்க்கும் படிவத்தைத் திறந்துவிட்டால் 60 நிமிடங்களுக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட வேண்டும். படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அலமாரியில் காகிதம் தேடினால் நேரம் போய்விடும். தொழில் பதிவுச் சான்றிதழ், வரிப் பதிவு, பட்டறை முகவரியில் வரும் மின்கட்டண ரசீது, மூன்றையும் அக்கா முதல் நாளே படமெடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டுவைத்தாள். மூன்றிலும் பெயரும் முகவரியும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். ஒன்றில் கதவு எண் பழையதாக இருந்தது. அதை மாற்றி வாங்கிய பிறகே அனுப்பினோம்.

அடுத்தது வீடியோ சரிபார்ப்பு. இடையில் வெட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நான் முதலில் எடுத்தது பட்டறைக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிந்தது; ஏற்கப்படவில்லை. யோசித்தால் அது நியாயம்தான். அந்த அறை எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. இரண்டாவது முறை தெருப் பெயர்ப்பலகையில் தொடங்கினேன். அப்படியே நடந்து வந்து எங்கள் பலகையைக் காட்டி, பூட்டில் சாவியைப் போட்டுத் திறந்து, உள்ளே போய் வேலை மேசையையும் கருவிகளையும் கழற்றிவைத்த மெஷினையும் காட்டினேன். இடம் இதுதான், இங்கே இந்தத் தொழில் நடக்கிறது, அதை நடத்துபவர் இவர்தான் என்ற மூன்றும் அந்த ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிட வேண்டும். சாவி போட்டுத் திறப்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் மூன்றாவதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கணக்கு திரும்பி வந்தது. மதிப்புரைகளும் இருந்தன.

சரி, இனி யாரையும் நம்பி விடாமல் நாமே கற்றுக்கொள்வோம் என்று உட்கார்ந்தோம். அருகில் உள்ள தொழில்களை வரிசைப்படுத்த மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: பொருத்தம், தூரம், பிரபலம். காசு கொடுத்து அந்த வரிசையில் மேலே வர வழியில்லை என்பதையும் சொல்லியிருக்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மிச்சம் இரண்டு. பொருத்தத்தில் எங்களுக்குப் பெரிய ஓட்டை இருந்தது. எங்கள் முதன்மை வகை 'தையல்காரர்' என்று பதிவாகியிருந்தது. துணி தைத்துத் தருவீர்களா என்று தினமும் அழைப்பு வந்தது ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது. தையல் மெஷின் பழுதுபார்ப்பு என்றே தனி வகை இருக்கிறது, மாற்றினோம். மற்ற மேப்புகளையும் விடவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் பிங் மேப்புக்கான பிங் பிளேசஸ், ஆப்பிள் மேப்புக்காக 2023 ஜனவரியில் வந்த ஆப்பிள் பிசினஸ் கனெக்ட் இரண்டிலும் அதே பெயர், அதே முகவரி, அதே எண்ணைப் போட்டோம். எப்போதோ விட்டுவிட்ட பழைய எண் இன்னும் இரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுப்பதற்கே ஒரு வாரம் ஆனது.

அப்புறம் இணையதளம். அதை நாங்கள் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் பெயரைப் போட்டுத் தேடினால்கூட வராது. நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, பட்டியலில் சேர்க்காதே என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறியால் பக்கங்கள் விலக்கப்பட்டுள்ளன என்று காட்டியது. எங்கள் தளத்தைக் கட்டிய மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில், அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு பெட்டி உண்டு. தளம் கட்டும் காலத்தில் அதில் டிக் போடுவது வழக்கம். கட்டி முடித்ததும் எடுக்க மறந்திருக்கிறார்கள். அந்த ஒரு டிக்கை எடுத்தேன். ஒரு வருடமாக உள்பக்கம் தாழ் போட்ட கதவு அது. காசு கொடுத்து எதையும் செய்வதற்கு முன்னால் இதை மட்டும் பார்த்துவிடுங்கள் என்று தொழில் தொடங்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கதவு திறந்ததும் அடுத்த கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பது. தளத்தில் 'தரமான சேவை, நம்பிக்கையான பராமரிப்பு' என்று நாலு பத்தி இருந்தது. அதை அக்கா சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, "தம்பி, இந்த மாதிரி வார்த்தைய ஒருத்தராவது போன்ல சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டாள். தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்த நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். வருகிற அழைப்பையெல்லாம் அழைப்பவர் சொன்னபடியே எழுதிவைப்பது அவள் பழக்கம். 'நூல் அறுந்துட்டே இருக்கு.' 'ஊசி மேல போய் நிக்குது, இறங்கல.' 'தையல் விட்டு விட்டு விழுது.' 'அடியில நூல் கொத்தா சேருது.' அதே கடைசி வரி பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வந்தது.

எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய பாடம் அந்த நோட்டுதான். மனிதர்கள் சேவையைத் தேடுவதில்லை, தங்கள் கண் முன்னால் நடக்கிற கோளாறைத் தேடுகிறார்கள். அதை அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே பக்கத்தின் தலைப்பாக வைத்தோம். முதலில் எழுதியது நூல் கொத்தாகச் சேரும் பிரச்சினையைப் பற்றி. கொத்து அடியில் தெரிவதால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் தவறு மேல்நூலில் இருக்கும். அழுத்துபாதம் கீழே இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால், நூலைப் பிடித்து இழுவிசை கொடுக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகி மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. பிடிப்பே இல்லாத நூல் அடியில் போய்க் குவியும். பாதத்தைத் தூக்கிவிட்டு, மேல்நூலை முழுவதும் எடுத்து மறுபடி கோத்தால் பல மெஷின்கள் அங்கேயே சரியாகிவிடும். இதைப் படங்களோடு போட்டோம்.

இதையெல்லாம் இலவசமாகச் சொல்லிவிட்டால் பட்டறைக்கு யார் வருவார்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்துச் சரிசெய்துகொண்ட ஒரு பெண், நன்றி சொல்ல மட்டும் அழைத்தார். மூன்று மாதம் கழித்து அவரே துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினைக் கொண்டுவந்தார், அவரோடு இன்னொருவரும் வந்தார். இன்றைக்கும் தளத்துக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான் வருகிறார்கள்.

மதிப்புரை விஷயத்தில் முன்பு ஒரு தப்பு செய்தோம். மதிப்புரை எழுதினால் ஒரு பாட்டில் மெஷின் எண்ணெய் இலவசம் என்று சொல்லிவந்தோம். மதிப்புரைக்குக் கைமாறாக எதையும் கொடுக்கக் கூடாது, திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்கவும் கூடாது என்பது விதி. தெரிந்த அன்றே நிறுத்தினோம். இப்போது எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கிறோம். ஒரு நட்சத்திர மதிப்புரை ஒன்று, 'இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள்' என்று வந்தது. உண்மைதான். உதிரி பாகம் வர தாமதமானதை நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. அதையே பதிலில் எழுதினேன்: பாகம் வரவில்லை, உங்களை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தவறு, இனி மூன்று நாளைக்கு ஒருமுறை நிலவரம் சொல்வோம். அவர் நட்சத்திரத்தை மாற்றவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு வந்ததாக இதுவரை இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

பத்திரிகை பக்கம் போனது கடைசியில். 1906-ல் ஒரு ரயில் விபத்தின்போது ஐவி லீ என்பவர் ரயில் நிறுவனத்தின் சார்பில் நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அதைத்தான் முதல் பத்திரிகைச் செய்திக் குறிப்பு என்று பலரும் சொல்கிறார்கள். மறைக்க நினைக்கிற நேரத்தில் தகவலை எடுத்துக் கொடுத்ததுதான் அதன் பலம். நான் எழுதிய முதல் குறிப்பில் தகவலே இல்லை, எங்கள் பட்டறை சிறந்தது என்பதையே ஐந்து விதமாகச் சொல்லியிருந்தேன். பத்துப் பேருக்கு அனுப்பியும் பதில் இல்லை. நிருபர் இடத்தில் இருந்து பார்த்தால், இன்று ஏன் இதை எழுத வேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது.

அக்டோபர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேசப் பழுதுபார்ப்பு நாள். அதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரே ஒரு நிருபருக்கு, அவர் முன்பு எழுதிய கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, ஏழு வரி எழுதினேன். எங்களிடம் 'கெட்டுப்போச்சு' என்று வருகிற மெஷின்களில் நிறைய, உண்மையில் தூசும் உலர்ந்த எண்ணெயும் அடைத்தவை; அந்த நாளில் சுத்தம் செய்யும் முறையை யார் வந்தாலும் கற்றுத்தருகிறோம்; வந்தால் படம் எடுக்கலாம். கீழே அக்காவின் எண். மறுநாளே அழைப்பு வந்தது. கட்டுரையில் எங்கள் பட்டறையைப் பற்றி இரண்டே வரிதான், மீதி எல்லாம் சுத்தம் செய்யும் முறை. அப்படித்தான் இருக்க வேண்டும், படிப்பவருக்கு அதுதானே பயன். அதன் இணையப் பதிப்பில் எங்கள் தளத்துக்கு ஒரு இணைப்பும் இருந்தது.

அது வந்த பிறகு, காசு கொடுத்தால் இருபது தளங்களில் கட்டுரை போட்டு இணைப்பு தருகிறோம், தேடலில் மேலே வரலாம் என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. காசுக்கு வாங்கிய இணைப்பு என்றால், தேடல் வரிசைக்கு அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் 'ஸ்பான்ஸர்டு' என்றோ 'நோஃபாலோ' என்றோ குறி இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. குறி போடுவீர்களா என்று ஒருவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை.

இந்த அக்டோபருக்குப் பாபின் கேஸ் சுத்தம் செய்வதைப் படம் பிடித்துவைக்கச் சொல்லி அக்கா இப்போதே நச்சரிக்கிறாள். நோட்டில் புதிதாக ஒரு வரி அடிக்கடி வருகிறதாம்: 'மெஷின் ஓடும்போது டக் டக்னு சத்தம் வருது.' அடுத்த பக்கம் அதைப் பற்றித்தான். ஊசி எங்கே இடிக்கிறது என்று தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்க வேண்டும். அதற்கான வெளிச்சம்தான் இன்னும் சரியாக அமையவில்லை.