அப்பாவின் பிரஷர் மெஷின்

அக்டோபர் 29, புதன்
இரவு 2.40. மறுபடி முழிப்பு. லேப்டாப்பை மூடி ஒன்றரை மணி நேரமாகிவிட்டது, தலையணையில் இடது காதை வைத்தால் இன்னும் நெஞ்சு அடிப்பது கேட்கிறது.

அக்டோபர் 30, வியாழன்
148/96. வயது 34. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. ஏழு நாள், காலையில் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை வீட்டிலேயே பார்த்து எழுதி வரச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று கேட்டார், சொன்னேன், பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு ராத்திரியில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்குமாம், ரத்தக் குழாய்க்கு அதுதான் ஓய்வு. எனக்குக் கண் அசருவதே நாலு மணிக்கு, ஏழரைக்கு அலாரம்.

அக்டோபர் 31, வெள்ளி
மெஷினில் மெமரி பட்டனை அழுத்திப் பார்த்தேன். அப்பாவுடையது எல்லாம் இருக்கிறது. கடைசியாகப் பார்த்தது 162/100. கையில் சுற்றும் பட்டையின் ஓரத்தில் அவர் பேனாவால் போட்ட கோடு, எதுவரை இழுக்க வேண்டும் என்று. என் கைக்கும் அதே கோடுதான் சரியாக இருக்கிறது.

நவம்பர் 1, சனி
லீவு நாள். மூன்று மீட்டிங்.

நவம்பர் 2, ஞாயிறு
இன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். நாளையிலிருந்து ராத்திரி 9.30 மீட்டிங் 10.30. அவர்களுக்கு அதே மதியம் 12 மணிதான். மார்ச் வரை எங்கள் டீமில் பதினொரு பேருக்குத் தினம் ஒரு மணி நேரத் தூக்கம் போகும், அதை ஒரு வரி மெயிலில் முடித்துவிட்டார்கள். காலையில் டீம் கூடும் சின்ன மீட்டிங், ஸ்டாண்டப், அதையாவது 9-லிருந்து 10-க்குத் தள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார்கள்.

போன வாரத்தைக் கூட்டினேன், 61 மணி நேரம். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்தால், 35-40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-லேயே சொல்லிவிட்டன. அப்பா தறியில் 12 மணி நேரம், வாரம் ஆறு நாள். 72. தமிழ்நாட்டு 12 மணி நேர வேலை மசோதாவை 2023 மே தினத்தில் வாபஸ் வாங்கியதை டிவியில் பார்த்துவிட்டு, "நாங்க எப்பவுமே பன்னெண்டுதானே"ன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போனார். அன்றைக்கு நானாவது கூட்டிப் பார்த்திருக்கலாம்.

நவம்பர் 3, திங்கள்
அம்மா போன். முன்பெல்லாம் எடுத்ததும் சாப்டியா என்பாள். இப்போது "தூங்குனியா சாமி?" தூங்கினேன் என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்
மீட்டிங் 11.50-க்கு முடிந்தது. 154/98. இப்போதுதான் கவனித்தேன், இந்த மெஷினில் 30 அளவுதான் நிற்கும், புதிது ஒன்று ஏறினால் பழையது ஒன்று போய்விடும். நான் பார்க்கப் பார்க்க அப்பாவுடையது அழிந்துகொண்டே வந்திருக்கிறது. எட்டுதான் மிச்சம்.

நவம்பர் 5, புதன்
காலையில் கையில் பட்டையைச் சுற்றுவதற்கு முன் எட்டையும் நோட்டில் எழுதிக்கொண்டேன், தேதி, நேரத்தோடு. 2.50. 3.20. 3.05. எட்டுமே விடிகாலை நேரம். பக்கத்து அறையில் நான் மீட்டிங்கில் இருந்த ராத்திரிகள் இவை. முழித்துத்தான் இருந்திருக்கிறார், என்னைக் கூப்பிடவே இல்லை.

நவம்பர் 6, வியாழன்
ஸ்டாண்டப் 9 மணிக்கேதான் என்று மெயில். டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு இன்று மேனேஜரிடம் நேரிலேயே போகிறேன்.