கரிஸ்மா 17, பேச்சு கம்மி: எங்கள் ஆட்டத்தில் மாற்றிப் பார்த்தவை

நாங்கள் ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, பேசியும் டைஸ் உருட்டியும் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. எங்கள் குழுவில் ஒருவர் வாயைத் திறந்தால் கல்லும் கரையும். அவர் ஆடுவது பார்பேரியன் என்ற முரட்டு வீரன், கேரக்டர் ஷீட்டில் கரிஸ்மா, அதாவது ஆளைக் கவரும் திறன், வெறும் 8. இன்னொருவர் பார்ட் என்ற பாணன் ஆடுகிறார், கரிஸ்மா 17. ஆனால் நாலு பேர் முன்னால் வசனம் பேசச் சொன்னால் அவருக்குக் குரலே எழும்பாது. கோட்டைக் காவலனிடம் பேச வேண்டிய கட்டம் வந்தால் எல்லார் கண்ணும் தானாக பார்பேரியன் பக்கம் போகும். பார்ட் ஓரமாக உட்கார்ந்து டைஸைக் கையில் உருட்டிக்கொண்டிருப்பார்.

ஆட்டத்தை நடத்தும் டிஎம்மாக (டஞ்சன் மாஸ்டர்) எனக்கு இது ரொம்ப நாள் உறுத்தல். நாங்கள் ஆடுவது இந்த விளையாட்டின் 2014 பதிப்பு. அதில் புள்ளி கொடுத்துத் திறன்களை வாங்கும் பாயிண்ட் பை முறையில் கேரக்டர் செய்தால் கையில் இருப்பது 27 புள்ளி. கரிஸ்மாவை 15 ஆக்க அதில் 9 போய்விடும், 8 இலவசம். ஒருவர் மூன்றில் ஒரு பங்கைக் கொட்டி வாங்கிய திறமையை இன்னொருவர் சொந்த வாயால் சும்மா எடுத்துக்கொண்டு போகிறார். மிச்சம் பிடித்த புள்ளி எல்லாம் கோடரி வீச்சுக்குப் போயிருக்கிறது என்பது வேறு கதை.

முதலில் நேர் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தோம். வசனமே வேண்டாம், டைஸ் மட்டும். "பர்சுவேஷன் போடறேன். 19." "சரி, விட்டுட்டான்." நியாயம் என்னவோ கிடைத்தது, ஆனால் ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் ஆனது. இந்த வழி புதிதும் இல்லை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் டிப்ளமசி என்ற பேச்சுத் திறனுக்கு ஒரு அட்டவணையே உண்டு: பகையாக இருக்கும் என்பிசியை (டிஎம் ஆடும் கேரக்டர்) 25 எடுத்தால் நடுநிலைக்குக் கொண்டுவரலாம், 35 எடுத்தால் நண்பனாக்கலாம். என்ன சொல்லி அவனை மாற்றினீர்கள் என்று அட்டவணை கேட்காது. எங்களுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம் என்பது இரண்டு செஷன் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது.

அப்புறம் பழைய விதி ஒன்றை எடுத்து ஒட்டினோம். 1981இன் பேசிக் பதிப்பில், எதிரே வருபவரின் மனநிலையை இரண்டு ஆறுமுக டைஸ் போட்டுப் பார்ப்பார்கள். 2 வந்தால் உடனே தாக்குதல், 12 வந்தால் உற்சாகமான நட்பு, 6 முதல் 8 வரை இன்னும் முடிவு செய்யாத நிலை. அதில் கரிஸ்மா 17க்கு +1, 8க்கு -1. பார்க்க அற்பமாக இருக்கும், கணக்குப் போட்டால் அப்படி இல்லை. நட்புப் பக்கம் சாய 9 வேண்டும். சாதாரண ஆளுக்கு அது 28 சதவீதம், பார்டுக்கு 42, பார்பேரியனுக்கு 17. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே கரிஸ்மா தன் வேலையை முடித்துவிடுகிறது என்பது. முன்னால் நிற்கும் முகத்தைப் பார்த்துத்தான் எதிராளி எடை போடுகிறான். எங்கள் குழு வழியில் யாரைச் சந்தித்தாலும் பார்டை முன்னால் தள்ளத் தொடங்கியது. இந்த விதியை இன்னும் வைத்திருக்கிறோம். ஆனால் இது சந்திப்பின் தொடக்கத்துக்கு மட்டும்தான். பேச்சு நீண்டால் மறுபடி வாய்ச்சவடால்தான் ஜெயித்தது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் முறை இது. பேசுவதற்கு முன் இரண்டே விஷயம் சொல்ல வேண்டும்: என்ன வேண்டும், எதைப் பிடித்து இழுக்கப் போகிறாய். படர்க்கையில் சொன்னாலும் போதும், நடிக்க வேண்டியதில்லை. அதை வைத்து நான் டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், சொல்வேன். உடனே ரோல்: இருபதுமுக டைஸ், அதோடு கேரக்டரின் கூட்டல் கழித்தல். முடிவு தெரிந்த பிறகுதான், விருப்பம் இருந்தால், வசனம்.

முற்றுகையில் சிக்கிய ஊர் ஒன்றில் தானியக் கிடங்குக் காவலனிடம் இதைப் பார்த்தோம். இரவில் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான். பார்ட் கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இவனோட தம்பி எதிரி முகாம்ல மாட்டியிருக்கான்னு நமக்குத் தெரியும். அதை வச்சு மிரட்ட வேண்டாம். நாங்க அந்தப் பக்கம்தான் போறோம்னு மட்டும் இவன் காதுல விழற மாதிரி என் கேரக்டர் சொல்லுது." அவ்வளவுதான், குரல்கூட மாற்றவில்லை. டிசி 15 வைத்தேன். அவருடைய +5க்கு அது 55 சதவீதம். காவலனின் பாசத்தைத் தொட்டதால் அட்வான்டேஜும் (இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது) கொடுத்தேன், கிட்டத்தட்ட 80. வென்றார். காவலன் என்ன சொல்லித் திறந்தான் என்பதை நான் ஆடிக் காட்டினேன்.

அதே செஷனில் பார்பேரியன் காவல் தலைவனைச் சரிக்கட்டப் போனார். டிசி 15, அவருக்கு -1, ஆக 25 சதவீதம். விழுந்தது 6. தோற்றது தெரிந்த பிறகு பேசுகிறார்: தலைவனின் வீரத்தைப் புகழ்கிறேன் என்று ஆரம்பித்து, அவன் பறிகொடுத்த ஒரு போரை விலாவாரியாக வர்ணித்துத் தள்ளினார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. பேசத் தெரிந்தவருக்குத்தான் மோசமாகவும் அழகாகப் பேச வரும். அவருடைய திறமை வீணாகவில்லை, தலைவனின் முடிவை மட்டும் அது தொடவில்லை.

சண்டையிடும் கேரக்டர் ஆடுபவரை நிஜமாக வாள் சுழற்றவா சொல்கிறோம் என்ற வாதத்தை இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது எடுப்பார்கள். எனக்கு அது பாதிதான் சரி. வாள் சுழற்றச் சொல்வதில்லை, ஆனால் எங்கே நிற்பது, யாரை முதலில் அடிப்பது என்பதை ஆளே யோசிக்கிறார். அந்த யோசனைக்கு டைஸ் கிடையாது. இன்டெலிஜென்ஸ் 8 உள்ள கேரக்டர் அருமையாக வியூகம் வகுத்தாலும் யாரும் தடுப்பதில்லை. பேச்சிலும் அப்படித்தான் பிரித்திருக்கிறேன்: எதைச் சொல்வது என்பது ஆடுபவரின் தேர்வு, எப்படிச் சொல்லி முடிக்கிறது என்பது கேரக்டரின் கரிஸ்மா.

இதில் ஒரு ஓட்டை உண்டு. பேச்சுக்காரருக்குப் பிடிமானம் கண்டுபிடிப்பதும் கைவந்த கலை. அதனால் ரோலுக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம் என்று திறந்துவிட்டேன். இப்போது அவர் யோசனையை எடுத்துக் கொடுக்கிறார், பார்ட் அதில் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார், சிலதைத் தட்டியும் விடுகிறார். என்பிசியைக் கொஞ்ச நேரம் கவனித்து இன்சைட் (ஆளை எடை போடும் திறன்) போட்டால் அவனுடைய பலவீனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாராயம் வாங்குவது, வழி கேட்பது போன்றவற்றுக்கு இதெல்லாம் கிடையாது. பணயம் எதுவும் இல்லாத பேச்சுக்கு ரோலே இல்லை. ஒரு பிளேயரின் கேரக்டர் மேல் இன்னொரு பிளேயர் பர்சுவேஷன் போடவும் விடுவதில்லை.

அடுத்துச் சேர்த்திருப்பது, நூலிழையில் தவறும் ரோல். டிசிக்கு 1 அல்லது 2 குறைந்து தவறினால் ஒரு விலை கொடுத்து வெற்றி பெறலாம் என்று 2014 டிஎம் புத்தகத்திலேயே ஒரு விருப்ப விதி இருக்கிறது. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற வேறொரு ஆட்டத்திலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு: அரைகுறை வெற்றி என்றால் எதிராளி கையோடு ஓர் உத்தரவாதம் கேட்பான். இரண்டையும் கலந்து, எங்கள் ஆட்டத்தில் அவன் ஒரு அடமானம் கேட்பான் என்று வைத்தேன். போன செஷனில் பார்ட் 1 குறைந்து தவறவிட்டார், படகுக்காரன் அவருடைய யாழைக் கேட்டான். மந்திரம் போட அவருக்கு அதுதான் கருவி. கொடுத்துவிட்டு ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். அக்கரையில் மந்திரத்துக்கு வேறென்ன வழி என்று குழுவில் காரசாரமாகப் போய்க்கொண்டிருக்கிறது.