14 நாள் சுகர் சென்சார்: ஒட்டுவதிலிருந்து கழற்றும்வரை

தோலில் ஒட்டிக்கொண்டு 14 நாள் சர்க்கரை அளவைக் காட்டும் சிறு கருவி இது. ஒட்டும் இடம் மேல்கையின் பின்பக்கம். தழும்பும் மச்சமும் இல்லாத இடமாகப் பார்த்து, சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரமோ எண்ணெய்ப் பசையோ மிச்சமிருந்தால் மூன்றாம் நாளே ஓரம் கிளம்பிவிடும். அப்ளிகேட்டரை (சென்சாரை ஒட்டும் கருவியை) அழுத்தியதும் 'டக்'கென்று 5 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய இழை உள்ளே இறங்கும். எறும்புக்கடி போலத்தான் இருக்கும்.

போனாலோ ரீடராலோ சென்சாரை ஸ்கேன் செய்து 60 நிமிடம் கழித்தே முதல் ரீடிங் வரும். முதல் நாள் எண்களை நான் நம்புவதில்லை. இழை குத்திய இடம் அடங்க ஒரு நாளாவது ஆகும். பழைய மாடல்கள் 8 மணி நேரப் பதிவைத்தான் சேமிக்கும். படுக்கும்முன், எழுந்தவுடன் ஸ்கேன் செய்யாவிட்டால் வரைபடத்தில் ஓட்டை விழும்.

பலரும் குழம்புவது இங்கேதான். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை அளக்கிறது. ரத்தத்தில் நடப்பது அங்கே தெரிய 5 முதல் 10 நிமிடம் ஆகும். இட்லி சாப்பிட்ட முக்கால் மணியில் சென்சார் 148 mg/dL காட்டியபோது விரலில் குத்திப் பார்த்தால் 176. இரண்டும் பழுதில்லை. எண்ணைவிட, சுகர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் பக்கத்து அம்புக்குறியைப் பாருங்கள்.

சுகர் 70க்குக் கீழே இறங்கி 15 கிராம் குளுக்கோஸ் எடுத்தபிறகு இந்தத் தாமதம் இன்னும் சிக்கல். ரத்தத்தில் ஏறிய பிறகும் சென்சார் தாழ்வாகவே காட்டும். பயந்துபோய் மறுபடி சர்க்கரையை அள்ளிப் போட்டால் 250ஐத் தாண்டிவிடும். 15 நிமிடம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள், கையைக் கழுவிவிட்டு. மாம்பழம் நறுக்கிய விரல் பொய் சொல்லும்.

நடுராத்திரி 58 என்று அலாரம் அடிக்கும். வியர்வையோ படபடப்போ இருக்காது. சென்சார் உள்ள கைமேல் படுத்திருந்தால் அழுத்தத்தால் இப்படிக் காட்டும். புரண்டு படுத்தால் சரியாகலாம். ஆனாலும் இன்சுலின் போடுபவர்கள் விரலில் குத்திப் பார்க்காமல் தூங்கவே கூடாது. சில சென்சார்களில், நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் ரீடிங் கூடுதலாகக் காட்டி, நிஜத் தாழ்சர்க்கரையை மறைத்துவிடும்.

டாக்டரிடம் காட்ட வேண்டியது, 70–180க்குள் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்பது. பெரும்பாலானோருக்கு 70 சதவீதத்துக்கு மேல் இலக்கு.

கழற்றும்போது ஓரத்தில் தேங்காயெண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் ஊறவைத்தால் தோல் உரியாது. அடுத்ததை மறுகையில் ஒட்டுங்கள்.