யு.எஸ்.பி. முனையிலிருந்து மைனஸ் வோல்ட்: டிப்ளமோ புராஜெக்ட் செய்பவர்களுக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் தம்பி, தங்கைகள் புராஜெக்ட் யோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான்: யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டை வைத்து, ஐ.சி. எதுவுமின்றி, மைனஸ் வோல்ட் எடுத்துக் காட்டுங்கள். பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் வாய்மொழித் தேர்வில் பேசுவதற்கு இதில் இருக்கும் சரக்கு, காசு கொடுத்து வாங்கி வரும் ரெடிமேட் புராஜெக்டுகளில் இருக்காது.

பாகங்களுக்காகப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. டி.வி. பழுது பார்க்கும் கடைகளிலேயே பிசி547, பிசி557 டிரான்சிஸ்டர்கள் கிடைக்கும். ஷாட்கி டையோடு (குறைந்த வோல்ட்டையே இழக்கும் டையோடு) கிடைக்காவிட்டால் பழைய செல்போன் சார்ஜரைப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் இரண்டு பிசி547 கொண்டு ஓர் அஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர், அதாவது தானாகவே மாறி மாறி ஆன், ஆஃப் ஆகும் சுற்று. பேஸில் 10 கிலோஓம், ஒன்றின் கலெக்டரிலிருந்து மற்றதன் பேஸுக்குக் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட், கலெக்டரில் 1 கிலோஓம் போட்டால் சுமார் 7 கிலோஹெர்ட்ஸில் ஓடும். அதன் ஒரு கலெக்டரிலிருந்து பிசி547, பிசி557 ஜோடியாக எமிட்டர் ஃபாலோயர், அதாவது உள்ளே வரும் வோல்ட்டைப் பின்தொடர்ந்து அதிக மின்னோட்டம் தரும் சுற்று. அதன் பின்னால் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஃபாலோயர் மேலே போகும்போது கெபாசிட்டரின் மறுமுனை ஒரு டையோடு வழியாகத் தரையோடு (கிரவுண்ட்) சேர்ந்து மின்னூட்டம் ஏறுகிறது. ஃபாலோயர் கீழே இறங்கும்போது அந்த முனை பூஜ்யத்துக்கும் கீழே தள்ளப்படுகிறது. இரண்டாவது டையோடு வழியாக வெளியீட்டுக் கெபாசிட்டரையும் கீழே இழுக்கிறது. அந்த வெளியீட்டுக் கெபாசிட்டரின் பிளஸ் கால்தான் தரைக்குப் போக வேண்டும். கை பழக்கத்தில் மாற்றிச் செருகிவிடும். மின்சாரம் கொடுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

மீட்டர் ஏறக்குறைய −2.8 காட்டும். "5 வோல்ட் கொடுத்தீர்களே, மீதி எங்கே போனது?" என்று புறத்தேர்வாளர் கேட்பார். மதிப்பெண் இருப்பது இந்தப் பதிலில்தான். ஃபாலோயர் மேலே 4.3 வரைதான் ஏறும், கீழே 0.9 வரைதான் இறங்கும். ஆக ஆட்டம் 3.4 வோல்ட். இரண்டு ஷாட்கி டையோடுகளும் தலா 0.3 எடுத்துக்கொண்டால் 2.8. சாதாரண 1என்4148 போட்டால் 2.2 ஆகிவிடும். இரண்டு வகை டையோடுகளையும் மாற்றிப் போட்டு அளந்து, ரெக்கார்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். சுமை ஏற்றினாலும் மின்னழுத்தம் குறையும். அதிர்வெண்ணையும் கொள்ளளவையும் பெருக்கித் தலைகீழாக்கினால் உள்தடை 14 ஓம் வரும். 10 மில்லிஆம்ப் இழுத்தால் இன்னும் 0.14 வோல்ட் போகும்.

"9 வோல்ட்டில் ஓட்டலாமா?" என்பது அடுத்த கேள்வியாக வரலாம். அஸ்டேபிளில் பேஸ் மைனஸ் பக்கம் கிட்டத்தட்ட முழு அழுத்தத்துக்கு இறங்கும். பிசி547-இன் பேஸ்-எமிட்டர் சந்தி தாங்குவது 6 வோல்ட்தான். 5 வோல்ட்டில் கவலையில்லை. 9-இல் பேஸோடு தொடராக ஒரு டையோடு வேண்டும்.

செயல்விளக்கத்துக்கு, கிடைத்த மைனஸ் வோல்ட்டில் ஓடும்படி, எல்எம்358 ஆப்-ஆம்ப் வைத்து ஓர் இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபயர் போதும். லேபில் கைக்கு எட்டுகிறது என்று 741-ஐ எடுக்காதீர்கள், இவ்வளவு குறைந்த அழுத்தம் அதற்குப் பற்றாது. லேப்டாப்பில் செருகாமல் செல்போன் சார்ஜரில் செருகுங்கள். தொடரில் 10 ஓம் இருந்தால் எங்காவது குறுக்குச்சுற்று ஆனாலும் மின்னோட்டம் அரை ஆம்பைத் தாண்டாது. பவர் பேங்க் மட்டும் வேண்டாம். இத்தனை குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்ததும் எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும், அதுவும் தேர்வாளர் மீட்டரைப் பார்க்கக் குனியும் நேரத்தில்.